உமியை விட்டுவிட்டு நானோவைப் பிடித்தோம்

2020 இறுதியில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' ஆய்விதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் முன்னின்று எழுதியது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறம் ஒரு கருப்புப் பூச்சு இருக்கிறது. அதைச் சோதித்தபோது அதில் கார்பன் நானோக் குழாய்கள் தெரிந்தன என்பது அதன் சாரம். ஓடுகளின் காலம் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டு.

அவ்வளவுதான் கட்டுரை. ஆனால் அது நம்மிடம் வந்து சேர்ந்த விதம் வேறு. "2,600 ஆண்டுகளுக்கு முன்பே தமிழனிடம் நானோ டெக்னாலஜி" என்று வாட்ஸ்அப்பில் ஏறியது, மேடைகளில் ஏறியது, யூடியூப் தலைப்புகளில் ஏறியது. இன்றும் இறங்கவில்லை.

இந்தப் பதிவு அந்தக் கட்டுரையையும், அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன் வந்த டமாஸ்கஸ் வாள் கட்டுரையையும், இரண்டையும் நாம் படிக்கும் முறையையும் பற்றிய ஒரு விமர்சனம். கீழடியைச் சிறுமைப்படுத்துவது நோக்கம் இல்லை, சொல்லப்போனால் நேரெதிர். நம் கைவினைஞர்கள் பொருள்களைப் பற்றி உண்மையிலேயே எதை அறிந்து வைத்திருந்தார்களோ, அதை 'நானோ' என்ற சொல் மறைத்துவிட்டது என்பதுதான் என் வாதம்.

கட்டுரை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

முதலில் பாராட்டு. ஓட்டின் பூச்சை மூன்று கருவிகளால் பார்த்திருக்கிறார்கள். ராமன் நிறமாலை: லேசர் ஒளியை அடித்து, அது சிதறும்போது அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று பார்ப்பது. எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலை: மேற்பரப்பில் எந்தத் தனிமம், அது எதோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று சொல்வது. மூன்றாவது, ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி: நேரடியாகப் படம் எடுப்பது. ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர் என்கிறார்கள். நம் தலைமுடியின் தடிமனை ஒரு லட்சமாகக் கூறு போட்டால் ஒரு கூறு கிட்டத்தட்ட அந்த அளவு. பழைய ஓட்டில் இதைப் பார்ப்பது எளிய வேலை இல்லை.

ஆனால் ஒரு பழம்பொருளின் முன்னால் நின்று மூன்று கேள்விகள் கேட்கலாம். ஒன்று: இதில் என்ன இருக்கிறது? இரண்டு: அது எப்படி வந்தது? மூன்று: வேண்டுமென்றே, தெரிந்து செய்தார்களா? இந்தக் கட்டுரையின் சோதனைகள் எல்லாம் முதல் கேள்விக்கானவை. இரண்டாவது கேள்விக்கு வேறு சோதனை வேண்டும். மூன்றாவதற்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். 'நானோ டெக்னாலஜி' என்று சொன்ன நிமிடமே நாம் மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் எழுதிவிட்டோம். நடுவில் இருக்கும் படிகளை யாரும் ஏறவில்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு சாதாரண உதாரணம் உண்டு. லாக் ஃபைலில் ஒரு வரி வந்திருக்கிறது என்றால் அது வந்திருக்கிறது, சரி. எந்த ஃபங்ஷன் எழுதியது என்பது அடுத்த வேலை. அதே சூழலை உருவாக்கி மறுபடி அந்த வரியை வரவைத்தால்தான் 'கண்டுபிடித்தோம்' என்று சொல்ல முடியும்.

புகையில் எது இல்லை?

கார்பன் நானோக் குழாய் என்றதும் ஏதோ ஆய்வகத்தில் வெள்ளை அங்கி போட்டவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பொருள் என்று தோன்றுகிறது. உண்மையில் தீ எரிகிற பல இடங்களில் அது தானாக உருவாகிறது. அமெரிக்காவில் எல். ஈ. மர் என்ற பொருளறிவியலாளரும் அவருடைய குழுவும் 2004இல் சில முடிவுகளை வெளியிட்டார்கள். சமையல் எரிவாயு போன்ற சாதாரண எரிபொருள்கள் எரியும்போது வரும் புகைத்துகள்களில் பல சுவர்க் குழாய்களைப் பார்த்தார்கள். அதைவிட வியப்பு: கிரீன்லாந்தில் துளையிட்டு எடுத்த, 10,000 ஆண்டுப் பழமையான பனிக்கட்டியை உருக்கி வடிகட்டியபோதும் அதில் நானோக் குழாய்கள் இருந்தன. அந்தப் பனி மேல் யாரும் உட்கார்ந்து நானோ டெக்னாலஜி செய்யவில்லை. எங்கேயோ எரிந்த தீயின் துகள் காற்றில் வந்து படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குழாய் வேண்டாம், சும்மா புகைக்கரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படைத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவுதான். 'நானோ அளவில் பொருள் இருந்தால் நானோ டெக்னாலஜி' என்று வரையறுத்தால், விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுத்த எல்லாப் பாட்டிகளும் நானோ விஞ்ஞானிகள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அப்போது எகிப்துப் பாட்டியும் சீனத்து மைக்காரரும் அதே வரிசையில் நிற்பார்கள். தனிப் பெருமை ஒன்றும் மிஞ்சாது.

அடுத்து, 2,600 ஆண்டுகள் பூச்சு அழியாமல் இருந்ததே, அதற்கு நானோக் குழாயின் வலிமைதானே காரணம் என்ற வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாதாரணக் கரியே அப்படித்தான் நீடிக்கும். சாதாரண வெப்பநிலையில் மண்ணுக்குள் கிடக்கும் கரி எதோடும் எளிதில் வினைபுரியாது. நுண்ணுயிரிகளுக்கும் அது நல்ல தீனி இல்லை. இதற்குச் சான்று தேடி எங்கேயும் போக வேண்டாம், கீழடியிலேயே இருக்கிறது. அந்த இடத்துக்குப் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டு என்ற காலம் எப்படிக் கிடைத்தது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரியை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பி, பொ.ஆ.மு. 580 என்று வந்த முடிவிலிருந்துதான். அதே மண்ணில், அதே காலம் முழுக்க, பூச்சாக ஆகாத கரியும் அழியாமல் கிடந்திருக்கிறது. கரி நீடிப்பதால்தான் கார்பன் காலக்கணிப்பு என்ற துறையே நடக்கிறது.

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர் ஜைன மடத்தில் பழைய ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறலுக்குள் கரியை எண்ணெயோடு குழைத்துத் தேய்ப்பார்கள். மேலே துடைத்துவிட்டால் கீறலில் மட்டும் கருப்பு நிற்கும். ஒரு சுவடி எப்படிச் சாகிறது என்று பாருங்கள். ஓலை காய்ந்து நொறுங்கும், பூச்சி துளைக்கும், ஈரத்தில் பூசணம் பிடிக்கும். எழுத்தின் கருப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஓலை என்பது செல்லுலோசும் லிக்னினும். நீரும் பூச்சியும் அதைத் தின்னும். கரியை யார் தின்பது? மங்கிப்போன சுவடிக்கு மறுபடி கரி தேய்த்தால் எழுத்து திரும்ப வருகிறது என்றால், அங்கே உண்மையான பதிவு கீறலில் இருக்கிறது. கரி அதைக் காட்டிக்கொடுக்கிறது. 'நீடித்தது, அதனால் ரகசியத் தொழில்நுட்பம்' என்ற தர்க்கம் இங்கேயே உடைகிறது.

பானைக்காரர் உண்மையில் செய்தது

அப்படியானால் கீழடிப் பானையில் வியக்க ஒன்றும் இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில்.

உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு என்ற கருப்பு-சிவப்புப் பானைகளை எண்ணிப் பாருங்கள். ஒரே மண், ஒரே சூளை, இரண்டு நிறம். மண்ணில் இரும்பு இருக்கிறது. காற்று தாராளமாகப் பட்டால் அது ஹெமடைட் ஆகிச் சிவக்கும். காற்று இல்லாமல் புகை மட்டும் சூழ்ந்தால் கரி படிந்து கருக்கும். பானையைக் கவிழ்த்து, வாயும் உட்புறமும் உமி, இலை, சாணம் போன்றவற்றுக்குள் புதையும்படி அடுக்கிச் சுட்டால், உட்புறத்துக்குக் காற்று போகாது, வெளிப்புறத்துக்குப் போகும். பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான். அதாவது குயவர் ஒரு பானையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேறு வாயுச் சூழலைக் கொடுத்திருக்கிறார். அதுவும் ஒரு தடவை தற்செயலாக இல்லை. நூற்றாண்டுக் கணக்கில், ஆயிரக்கணக்கான பானைகளில், கோடு கலங்காமல்.

இதில் நோக்கம் இருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது, திரும்பத் திரும்பச் செய்யும் திறன் இருக்கிறது. தொழில்நுட்பம் என்றால் இந்த மூன்றும்தான். பொருளறிவியலின் அரிச்சுவடியும் இதுதான்: எப்படிச் செய்கிறாய் என்பது உள் அமைப்பைத் தீர்மானிக்கும், உள் அமைப்பு நடத்தையைத் தீர்மானிக்கும். குயவருக்கு அணு தெரியாது. ஆனால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் அவர் கையில் இருந்தன.

அந்தப் பூச்சில் நானோக் குழாய் எப்படி வந்திருக்கும்? என் ஊகம் இது. இன்று தொழிற்சாலையில் நானோக் குழாய் செய்யும் ஒரு முறை, கார்பன் நிறைந்த வாயுவைச் சூடான இரும்புத் துகள் மேல் செலுத்துவது. இரும்பு வினையூக்கி. சிவக்கும் களிமண்ணில் இரும்பு உண்டு, கவிழ்த்த பானைக்குள் புகை உண்டு, சூடு உண்டு. கூட்டிக் கழித்தால் குழாய் முளைப்பதில் அதிசயம் இல்லை. ஊகம்தான், ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம். அதே மண்ணில் இன்று ஒரு பானை வனைந்து, கவிழ்த்துச் சுட்டு, உட்புறக் கரியைச் சுரண்டி அதே மூன்று கருவிகளில் பார்க்கலாம். அங்கேயும் குழாய் வந்தால் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வராவிட்டால்தான் கதை இன்னும் சுவாரசியம். பழைய குயவர் கூடுதலாக எதையோ செய்திருக்கிறார் என்று ஆகும். இரண்டு விடையுமே லாபம்.

வாளில் தேடிய ரகசியம்

இந்த 'ரகசியப் பொருள்' தேடும் பழக்கம் கீழடியோடு தொடங்கவில்லை. 200 ஆண்டுப் பழக்கம். நம் ஊர் உருக்கு எஃகு அதற்கு நல்ல சாட்சி.

தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த எஃகை ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். 'உக்கு', 'உருக்கு' என்ற நம் சொற்களிலிருந்து வந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். 1790களில் மாதிரிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்து எழுதினார். 1819இல் மைக்கேல் ஃபாரடே சோதித்தார். ஃபாரடேயின் அப்பா கொல்லர். கூட வேலை செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கத்தி செய்பவர். அப்படிப்பட்ட கூட்டணியே வூட்ஸின் சிறப்புக்குக் காரணம் அலுமினாவும் சிலிக்காவும் என்று முடிவுகட்டியது. அது தவறு. ஆனால் பலன் தந்த தவறு: 'எதைக் கலந்தால் இப்படி ஆகும்' என்று தேடிப் பிளாட்டினம், வெள்ளி என்று எஃகோடு கலந்து பார்த்த அவர்களின் சோதனைகள் கலப்பெஃகு ஆராய்ச்சிக்கு முன்னோடியாயின.

உண்மையான காரணம் பெரும்பாலும் கார்பன்தான். வூட்ஸில் கார்பன் 1 முதல் 2 சதவீதம் வரை, கிட்டத்தட்ட ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு கார்பன் இருந்தால் இரும்பும் கார்பனும் சேர்ந்து சிமென்டைட் என்ற கார்பைடு உருவாகும். அது கடினம், ஆனால் நொறுங்கும். அது வலைபோல ஒரே தொடராகப் பரவினால் கத்தி கண்ணாடி மாதிரி உடையும்; சின்னச் சின்ன மணிகளாகப் பிரிந்து வரிவரியாக நின்றால் கூர்மையும் கிடைக்கும், தாங்குதிறனும் கிடைக்கும். அந்த வரிகள்தான் டமாஸ்கஸ் வாளின் நீரோட்டக் கோலம். ஒரே பொருள், ஒரே கார்பன். அடுக்கு மாறினால் நடத்தை மாறுகிறது.

2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாஃப்லர் குழு 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருந்த, அசாத் உல்லா செய்ததாகச் சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டு வாளின் ஒரு துண்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, மிச்சத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நானோக் குழாய்களும், அவற்றுக்குள் பொதிந்த சிமென்டைட் நானோக் கம்பிகளும் தெரிந்தன. உடனே உலகம் முழுக்க 'வாளின் ரகசியம் நானோ' என்று செய்தி. இங்கேயும் அதே தாவல்தான். ஒரு வாளில் ஒரு அமைப்பைப் பார்த்தார்கள். அந்த அமைப்பால்தான் வாளுக்கு அந்த நடத்தை வந்தது என்று காட்ட, அது இருக்கும் எஃகையும் இல்லாத எஃகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைத்துப் பார்க்க வேண்டும், உடைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண உயர்கார்பன் எஃகிலும் சிமென்டைட் மெல்லிய தகடுகளாக இருக்கும். அதை அதே அமிலத்தில் கரைத்தால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

இதோடு ஒப்பிட, அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன் செய்ததைப் பாருங்கள். அவர் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து மூசையில் எஃகு உருக்கி, அடித்து, கோலம் உள்ள கத்தியைத் திரும்பச் செய்தே காட்டினார். 1998இல் அவர்கள் எழுதிய கட்டுரை, வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில், பத்து லட்சத்தில் 40 பங்கு இருந்தாலே கார்பைடு மணிகள் வரிசை கட்டுகின்றன என்று சொல்கிறது. அது இல்லாத எஃகில் கோலம் வரவில்லை. கன்ட்ரோல் சாம்பிள், மறுசெய்கை, இரண்டும் இருக்கின்றன. இதன்படி பார்த்தால் ரகசியப் பொருள் ஒன்று இருந்தது, ஆனால் அது கொல்லரின் கையில் இல்லை, தாதுவில் இருந்தது. அப்படியானால் கொல்லரின் கையில் என்ன இருந்தது? சூடு. இந்த எஃகை வெண்மையாகக் காயவைத்து அடித்தால் சிதறிவிடும். ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் அங்கேதான் திணறினார்கள். செக்கச் சிவந்த நிலையில் பொறுமையாக, திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்க வேண்டும். இதைத் தெர்மாமீட்டர் இல்லாமல், நிறத்தை மட்டும் பார்த்துச் செய்தார்கள்.

மூசையும் உமியும்

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

சாரதா சீனிவாசனும் எஸ். ரங்கநாதனும் எழுதி 2004இல் பெங்களூரிலிருந்து வந்த வூட்ஸ் பற்றிய ஆங்கில நூல் ஒன்று உண்டு. 'பழைய உலகின் உயர்தொழில்நுட்பப் பொருள்' என்ற தொனியில் அதன் துணைத்தலைப்பு இருக்கிறது. பெருமிதம் கலந்த தலைப்புதான். ஆனால் உள்ளே ஆட்கள் தரையில் நிற்கிறார்கள். ஒரு காரணம், சாரதா சீனிவாசனே 1990களில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் மேல்சிறுவளூர் என்ற ஊரில் மூசைத் துண்டுகள் கிடக்கும் எஃகு உற்பத்தி இடத்தை அடையாளம் கண்டு, அதில் ஒட்டியிருந்த உலோகத்தையும் கண்ணாடிக் கசடையும் நுண்ணோக்கியில் பார்த்தவர். செஞ்சியும் மேல்சித்தாமூரும் அதே பழைய மாவட்டம்தான். ஆனால் மேல்சிறுவளூர் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? டமாஸ்கஸ் எல்லோருக்கும் தெரியும்.

மூசை என்றால் ஒரு கைக்கு அடங்கும் மண்குடுவை. அதற்குள் இரும்புத் துண்டுகளைப் போட்டு, காய்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, எருக்கிலை போன்ற பச்சை இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, அடுக்கி, துருத்தி ஊதுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதி வைத்த குறிப்பில் ஆவாரையும் எருக்கும் வருகின்றன. பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்தியவர் இவர். செஞ்சியைச் சுற்றி எந்தத் தரிசில் நின்று பார்த்தாலும் கண்ணில் படும் செடிகள் இவை.

சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்பன் சேரச் சேர உருகுநிலை இறங்கும். இறங்கினாலும் 1,200க்கு மேல், 1,400ஐ ஒட்டிய சூடு மணிக்கணக்கில் வேண்டும். சாதாரணப் பானை அந்தச் சூட்டில் நெளிந்து உட்கார்ந்துவிடும். அப்படியானால் மூசை எப்படித் தாங்கியது?

பதில்: உமி. மண்ணோடு நிறைய உமியைச் சேர்த்துப் பிசைந்தார்கள். உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. காற்றுப் புகாத சூட்டில் உமி முழுதாக எரியாமல் கரியாகி, சிலிக்கா எலும்புக்கூட்டோடு மூசைச் சுவருக்குள் அப்படியே நிற்கும். அந்தக் கரி, உள்ளே ஆக்சிஜன் புகாமல் காவல் காக்கும். களிமண்ணிலிருந்து அந்தச் சூட்டில் முல்லைட் என்ற ஊசிப் படிகங்கள் வளர்ந்து சுவரை இறுக்கும். தெல்மா லோ என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 1990களின் தொடக்கத்தில் தக்காணத்து மூசைகளைப் பார்த்துவிட்டு, இதை இழை வலுவூட்டிய பீங்கான் கலவை என்ற வகையிலேயே வைத்து எழுதினார்கள்.

இங்கே மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. என்ன இருக்கிறது? உமிக்கரி, சிலிக்கா, முல்லைட். எப்படி வந்தது? உமி கலந்த மண்ணை உலையில் வைத்ததால். வேண்டுமென்றே செய்தார்களா? சந்தேகமே வேண்டாம். உமி தானாக வந்து மண்ணில் விழவில்லை. ஒவ்வொரு மூசையிலும் கை வைத்துக் கலந்திருக்கிறார்கள். நெல் குத்தி உமியை ஒதுக்கிய கை யாருடையது, மண்ணோடு மிதித்துப் பிசைந்த கால் யாருடையது என்று கேட்டால், அந்தத் தொழிலில் வாளுக்குச் சொந்தக்காரரும் கொல்லரும் மட்டும் இல்லை, இன்னும் பலர் இருந்தார்கள் என்பதும் தெரியவரும்.

ஆனால் உமி என்றால் கைதட்டு விழாது. நானோ என்றால் விழும்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்

இலங்கையில் ஜில் ஜூலெஃப் செய்த வேலையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவின் மேற்கு முகத்தில் வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். துருத்தி இல்லை, பருவக்காற்றின் வேகத்திலேயே உலை எரிந்திருக்கிறது என்பது அவர் கருத்து. வெறும் காற்றில் அவ்வளவு சூடு வராது என்று சொல்ல ஆள் இருந்தது. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அதே இடத்தில், அதே அமைப்பில் உலை கட்டினார், காற்றுக் காலத்துக்குக் காத்திருந்தார், தாதுவைப் போட்டு எரித்தார். இரும்பு வந்தது, உயர்கார்பன் எஃகும் வந்தது. 1996இல் 'நேச்சர்' வெளியிட்டது. அங்கேயும் பெருமை இருக்கிறது, ஆனால் அது சோதனையில் தேறி வந்த பெருமை. நாளைக்கு யாராவது 'இல்லை' என்றால், வா, கட்டிப் பார்க்கலாம் என்று கூப்பிட முடியும்.

'நானோ' பெருமையில் அப்படிக் கூப்பிட முடியாது. அதனால்தான் அது ஆபத்து. வெளியாள் ஒருவர் நாளைக்குப் பனிக்கட்டியில் கிடைத்த குழாயைக் காட்டினால், நம் பக்கத்தில் பதில் இருக்காது, கோபம்தான் இருக்கும். ஒரு பள்ளிப் பிள்ளை முதல் தடவையாக அறிவியலை நம் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கிற இடத்தில் இப்படிப்பட்ட ஒரு வாதத்தைக் கொடுத்தால், அது உடையும்போது கீழடியும் சேர்ந்து உடைந்த மாதிரி ஆகும். கீழடிக்கு அந்த முட்டுக்கொடுப்பு தேவையே இல்லை. எழுத்துப் பொறித்த ஓடுகளும், செங்கல் கட்டுமானமும், உறைகிணறும் தாமாகவே நிற்கின்றன.

இன்னொரு இழப்பும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. எதைப் பெருமை என்று நினைக்கிறோமோ அதைத்தான் காப்போம். வாளை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்கிறோம். மூசைத் துண்டும் சிட்டக்கல்லும் ஏரிக்கரையிலும் மேட்டு நிலத்திலும் கிடக்கின்றன. மேட்டைச் சமன் செய்ய ஜேசிபி வந்தால் அரை நாளில் முடிந்துவிடும். ஒரு உலை எத்தனை டிகிரியில் எரிந்தது, எந்தத் தாது, எந்த மரக்கரி, எவ்வளவு காலம் என்பதற்கெல்லாம் விடை அந்தக் கசடுக்குள்தான் இருக்கிறது. கசடு பொய் சொல்லாது. எந்தச் சூட்டில் உறைந்ததோ அதைத் தன் படிகங்களில் எழுதி வைத்திருக்கும்.

விழுப்புரம் மாவட்டத்திலேயே மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் கல்வெட்டில் சொல்லிக்கொண்டது இங்கேதான். உலோகம் இல்லாமலா? கட்டடத்தில் இல்லை, சரி. அந்தக் கருங்கல்லைக் குடைந்த உளி எதனால் ஆனது? கருங்கல்லில் அடிக்க அடிக்க உளிமுனை மழுங்கும். பக்கத்தில் ஒரு உலை எரிந்திருக்க வேண்டும்; ஒருவர் உட்கார்ந்து முனையைக் காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மேல்சித்தாமூரில் பாறையில் செதுக்கிய பார்சுவநாதருக்கும் பாகுபலிக்கும் அதே கணக்குதான். கல்வெட்டில் அரசனின் பட்டப்பெயர் இருக்கிறது. உளிக்குத் தோய்ச்சல் கொடுத்தவரின் பெயர் இல்லை. அவருக்குத் தெரிந்த அறிவு எஃகின் உள் அமைப்பில் மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த எழுத்தைப் படிக்கத்தான் நமக்குப் பொருளறிவியல் வேண்டும். நாம் விரும்பும் சொல்லை அதில் எழுதிவைப்பதற்கு இல்லை. உங்கள் ஊர் நிலத்தில் கனமான, குமிழ்விட்ட, கருப்புக் கண்ணாடி போன்ற கற்கள் குவியலாகக் கிடந்தால், பக்கத்தில் குடுவைத் துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டின் உடைந்த விளிம்பில் உமியின் அச்சு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எதையும் எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் பிடித்து, மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.